பதினோரு அடி

நகராட்சியின் நில அளவைப் பிரிவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தோளில் அளவுச் சங்கிலியை மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் 'சங்கிலி'. இரும்புச் சங்கிலி போய்த் துணி டேப் வந்தது, துணி டேப் போய் இரும்பு டேப் வந்தது, கடைசியில் மூன்று கால் வைத்து நிற்கும் மெஷினும் வந்துவிட்டது. பேர் மட்டும் மாறவில்லை. வயதில் சிறியவர்கள் 'சங்கிலி அண்ணே' என்றார்கள். முப்பத்தைந்து வருஷ வேலையில் அவருக்குக் கிடைத்த பதவி உயர்வு அந்த 'அண்ணே' ஒன்றுதான்.

தொழில் அவர் காலில் ஏறிவிட்டிருந்தது. எங்கே நடந்தாலும் ஒரே அளவு எட்டு வைத்துத்தான் நடப்பார். "கல்யாணத்தன்னிக்கே மண்டபத்தை அளந்த மனுஷன்" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். கை சுத்தமான ஆள். யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. அதைப் பற்றிப் பெருமையாக அவர் பேசியதும் இல்லை. பேச முடியாது. அந்தச் சுத்தத்துக்கு அவர் கொடுத்த விலை என்ன என்பது அவருக்குத்தான் தெரியும்.

அவருக்குக் கூடப் பிறந்தவள் ஒரே ஒரு அக்கா. ஆறு வயது மூத்தவள். அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போய்விடுவாள் என்பதால், அவரைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அக்காதான். அவள் கட்டிக்கொண்டது ஒரு புத்தக பைண்டரை. சந்தைக்குப் போகிற நீளத் தெருவில், மூலையிலிருந்து ஐந்தாவது வீடு. முன்னறைதான் கடை. பள்ளிக்கூட ரிஜிஸ்டர்கள், வக்கீல்களின் தடித்த புத்தகங்கள், கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடுகள் எல்லாம் அங்கே அட்டை போட வரும். அறையின் நடுவே, பிடிச் சக்கரம் வைத்த கட்டிங் மெஷின் ஒன்று யானைக்குட்டி மாதிரி நிற்கும். தம்பிக்கு நகராட்சி வேலை கிடைத்த அன்று, அந்த மெஷின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் அக்கா தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்: "என் தம்பி கவர்மெண்ட் ஆளாயிட்டான்!"

அடுத்த வருஷமே தெரு விரிவாக்கத் திட்டம் வந்தது. ஆற்றின் மேல் புதுப் பாலம் வரப்போகிறது, அதற்குப் போகிற தெருவை அகலப்படுத்த வேண்டும் என்றார்கள். வடக்கு வரிசையில் ஒன்பது வீடுகள். ஒவ்வொன்றிலும் முன்பக்கம் பதினோரு அடி போக வேண்டும். அக்கா வீட்டு முன்னறையின் ஆழம் சரியாகப் பதினொன்றரை அடி.

கல் நடுகிற நாளில் சங்கிலியின் ஒரு முனை அவர் கையில். மறு முனை இன்னொரு ஆள் கையில். சர்வேயர் எதிர்வரிசை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தார். நான்கு வீடு முடிந்து ஐந்தாவதுக்கு வந்தபோது அக்கா வெளியே வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அவர் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் பேசினாள்.

"ஒரு அடி தள்ளிப் போடு. ஒரே ஒரு அடி. மெஷினுக்கு ஒன்றரை அடி இருந்தாப் போதும், சுவரோரமா ஒட்டி வெச்சு ஒரு கீற்றுக் கொட்டகையாவது இறக்கி அவர் வேலையப் பாத்துக்குவார்."

"அக்கா, கோடு வளைஞ்சிடும்."

"யாருக்குடா தெரியும்? அந்த ஆள் பேப்பரைப் பாத்துட்டிருக்கார். நீ சங்கிலியைக் கொஞ்சம் தொய்வா விடு, அவ்வளவுதான்."

"பக்கத்து வீட்டுக்காரங்க கேப்பாங்க. அக்கா வீடுன்னு விட்டுட்டான்னு சொல்வாங்க."

"சொல்லட்டும். அதனால உனக்கு என்ன குறைஞ்சிடும்?"

அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. வேலை புதிது, விறைப்பும் புதிது. "கோடு நேரா போகணும்க்கா" என்று சொன்னார். சொல்லிவிட்டுச் சங்கிலியை இழுத்துப் பிடித்தார். கல் இறங்கியது. இறக்கியதும் அவரே. சம்மட்டியால் மூன்று அடி.

அக்கா உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவரோடு அவள் பேசவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து முன்னறைகள் இடிந்தன. பக்கவாட்டுச் சுவரில் ஒரு துண்டு மட்டும் மிச்சம் நின்றது. அதில் மஞ்சள் சுண்ணாம்பும், புத்தகம் அடுக்கியிருந்த மாடத்தின் பாதியும் வெயிலில் தெரிந்தன. நஷ்டஈடு என்று ஒரு தொகை வந்தது. வந்த வேகத்தில் அது கரைந்தது. பைண்டர் மெஷினை வீட்டுக்குள் இழுத்துப் பார்த்தார். அதை வைத்தால் படுக்க இடமில்லை, படுத்தால் வேலை செய்ய இடமில்லை. கடைசியில் அதை விற்றுவிட்டு, வேறொருவரின் பிரஸ்ஸில் தினக்கூலிக்குப் போனார். அக்கா வீட்டிலேயே அச்சுத் தாள்களை மடித்துத் தைத்துக் கொடுத்தாள். கேட்டவர்களிடம் ஒரே வாக்கியம் சொன்னாள்: "கூடப் பிறந்தவனே தலையில கல்லைப் போட்டான்." வாய்வார்த்தைக்குச் சொல்கிற பேச்சுத்தான் அது. ஆனால் அவள் விஷயத்தில் அது அப்படியே நடந்தது, கல் உட்பட.

பாலம் வந்தது. ஆனால் இந்தத் தெருவின் முனைக்கு வரவில்லை. ஆற்றின் கீழ்ப்பக்கத்தில், ஒரு மைல் தள்ளி வந்தது. தெருக்காரர்கள் போய்க் கேட்டார்கள். "திட்டம் நிலுவையில இருக்கு" என்று பதில் வந்தது. மறுபடி கேட்டார்கள். மறுபடி அதே பதில். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். பதினோரு அடி நிலம் ஒன்பது வீட்டு முன்னாலும் பொட்டலாகக் கிடந்தது. புல் முளைத்தது, தள்ளுவண்டிகள் நின்றன, மழை பெய்தால் குட்டை தேங்கியது. அக்கா மட்டும் தினமும் காலையில் தன் வீட்டு முன்னால் மிஞ்சிய அரை அடியைப் பெருக்குவாள். கல் வரைக்கும் பெருக்குவாள். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு துரும்பு கிடந்தாலும் தொடமாட்டாள். இதைச் சங்கிலி எதிர்வரிசையிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறார்.

அவர் மனைவி மட்டும் அக்கா வீட்டுக்குப் போக வர இருந்தாள். அவளை அக்கா நன்றாகவே நடத்தினாள். "உன் வீட்டு ஆள் இன்னும் அளந்துதான் நடக்கிறானா?" என்று மட்டும் எப்போதாவது கேட்பாளாம். பைண்டரோ மைத்துனரை வெறுக்கவில்லை. பிரஸ் வாசலில் டீக்கடை ஒன்று இருந்தது. மாதத்தில் இரண்டு நாள், மதியச் சங்கு ஊதுகிற நேரத்தில், சங்கிலி அங்கே போய் நிற்பார். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

"அத்தான், ஒரு வார்த்தை அக்காகிட்ட சொல்லிப் பாருங்களேன்."

"வேணாம் மாப்பிள்ளை. கோபத்தைப் பிடிச்சிக்கிட்டுத்தான் அவ நின்னுட்டிருக்கா. அதையும் நாம உருவிட்டோம்னா விழுந்துடுவா. கொஞ்ச காலம் போகட்டும்."

கொஞ்ச காலம் போனது. பைண்டருக்கு நெஞ்சில் சளி கட்டியது. பிரஸ்ஸின் கீழ்த்தளத்தில் காற்று வராது, தாள்தூசி மட்டும் இருக்கும். வீடு இடிந்த ஒன்பதாவது வருஷம் அவர் போய்விட்டார். வண்டி புறப்பட்டபோது சங்கிலி எதிர்வரிசையில், மூடிய கடை ஒன்றின் படியில் நின்றிருந்தார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். தன்னைத்தான் பார்த்தாளா, தன்னைத் தாண்டி வேறு எதையாவது பார்த்தாளா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இப்படியே இருபத்துநான்கு வருஷம் ஓடியது.

அவர் ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருந்தபோது, நகராட்சி ஒரு பட்டியல் போட்டது. தெரு விரிவாக்கத்துக்காக எடுத்து, விரிவாக்காமல் விட்ட நிலங்களெல்லாம் 'உபரி நிலம்'. அவற்றை விற்றுவிடலாம் என்று தீர்மானம். ஒட்டியிருக்கிற வீட்டுக்காரர்கள் முப்பது நாளுக்குள் விண்ணப்பித்தால் இன்றைய சந்தை விலைக்கு அவர்களுக்கே கிடைக்கும். இல்லையென்றால் ஏலம். அறிவிப்பை மின்கம்பங்களில் ஒட்டினார்கள். பட்டியலில் நான்காவது, சந்தைக்குப் போகிற தெரு.

மறுஅளவைக்குச் சங்கிலியையே அனுப்பினார்கள். பழைய கல்லெல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். கூட வந்த சர்வேயர் ஒரு இளம்பெண். மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவாள், யாரையும் தூக்கவிடமாட்டாள். ஐந்தாவது வீட்டு முன்னால் அவர் நின்றுவிட்டார்.

"என்னண்ணே, கால் வலிக்குதா?"

"இல்லை மேடம். நீங்களே போய்க் கம்பைப் பிடிச்சிக்கோங்க. நான் மெஷின் பக்கத்துல நிக்கிறேன்."

அவள் கம்பை எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுக் கதவு திறந்தது. நரைத்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"எதுக்கு அளக்கறீங்க?"

"விக்கப் போறாங்கம்மா. கம்பத்துல நோட்டீஸ் பாக்கலையா? நீங்க எழுதிக் குடுத்தா உங்களுக்கே கிடைக்கும்."

"எங்க வீட்டை எங்களுக்கே விக்கப் போறாங்களா?" என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. தெரியாத பாஷையில் எழுதியிருப்பதைப் படித்துக்காட்டச் சொல்கிற மாதிரி கேட்டாள். பிறகு தெருவைத் தாண்டி மெஷின் பக்கம் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அலுவலகம் திரும்புகிற வழியில் சர்வேயரம்மா விஷயத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முழுதும் கேட்டுவிட்டு, "பழைய ஃபைலைப் பாத்தே ஆகணும் அண்ணே. எடுத்தப்போ என்ன எழுதினாங்கன்னு தெரியாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றாள்.

பதிவறை அடித்தளத்தில் இருந்தது. ஒரே ஒரு குழல் விளக்கு, அதுவும் துடித்துக்கொண்டே எரியும். இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாவது நாள் மத்தியானம் சிவப்புத் துணியில் கட்டிய ஒரு கட்டு கிடைத்தது. அளவுப் புத்தகம், நஷ்டஈட்டுப் பட்டியல், எதிர்ப்பு மனுக்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பழுப்பேறிய ஒற்றைத் தாள். சர்வேயரம்மா வாசித்தாள். பாலம் இடம் மாறியதால் மேற்படி விரிவாக்கம் கைவிடப்படுகிறது. நிலத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விருப்பமா என முன்னாள் உரிமையாளர்களைக் கேட்டுத் தெரிவிக்கவும்.

தேதியைப் பார்த்தாள். "அண்ணே, இடிச்சு ஆறாவது வருஷம். அப்பவே கைவிட்டுட்டாங்க. யாரையுமே கேக்கலை. மேல வந்த ஆர்டரை அப்படியே கட்டிப் போட்டுட்டாங்க."

சங்கிலி கணக்குப் போட்டார். ஆறாவது வருஷம். அத்தான் உயிரோடு இருந்த வருஷம். அதற்குப் பிறகும் மூன்று வருஷம் அந்தக் கீழ்த்தளத்துக்குப் போய்வந்தார்.

சர்வேயரம்மா தாளைத் திருப்பினாள். பின்பக்கம் 'பதிவறைக்கு' என்று ஒரு குமாஸ்தாவின் கிறுக்கல். அதன் கீழே, 'கட்டைக் கொண்டுசேர்த்தவர்' என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. அவள் அதைப் பார்த்துவிட்டு அவரைப் பார்க்காமல் இருந்தாள்.

அது அவருடைய கையெழுத்து.

அளவு வேலை இல்லாத நாட்களில் சங்கிலி பிடிக்கிறவர்களைக் கட்டுத் தூக்கத்தான் விடுவார்கள். ஒரு நாளைக்குப் பத்துக் கட்டு, இருபது கட்டு. எது என்ன என்று யார் பார்த்தார்கள்? தோளில் வைப்பது, இறங்குவது, பலகையில் போடுவது, கையெழுத்து. அவருக்குப் படிக்கத் தெரியும். முடிச்சு ஒன்றும் இறுக்கமானதில்லை. ஒரு முறை குனிந்து மேல் தாளைப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. தெருவையே மீட்டுக் கொடுத்திருக்கக்கூடிய தாளைத் தன் தோளிலேயே சுமந்துகொண்டு வந்து, தன் கையாலேயே இருட்டில் போட்டிருக்கிறார்.

அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். அவள் வெளியே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நகல் எடுத்து வெளியில குடுக்கலாம் அண்ணே. விண்ணப்பம் எழுதிக் கேட்டா குடுத்தாகணும், சட்டம் இருக்கு. முன்பக்கம் மட்டும் போதும்." தாளை முன்பக்கமாகத் திருப்பி வைத்தாள். "பின்பக்கம் யாருக்கும் வேண்டியதில்லை."

அவர் தண்ணீரைக் குடித்தார்.

"ரெண்டு பக்கமும் எடுங்க மேடம்."

"எதுக்குண்ணே? உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லையே. கட்டைத் தூக்கிட்டு வந்தீங்க."

"அன்னிக்குக் கோடு நேரா போகணும்னு சொன்னவன் நான். இன்னிக்கு எனக்காக வளைச்சா, அக்கா முகத்துல எப்படி முழிக்கிறது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அந்தத் தெருவைக் கடந்தார். எத்தனை எட்டு என்று எண்ணவில்லை. எண்ணாமல் நடந்தது அவருக்கே வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது. கதவைத் தட்டினார். அக்கா திறந்தாள். இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டிருந்தது. தூரத்திலிருந்து தெரியாத அளவுக்கு வயதாகிவிட்டிருந்தது.

"என்ன?" என்றாள். முப்பத்துமூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"ஒரு பேப்பர் குடுக்கணும்."

அவள் விலகி நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவர் போனார். அறை முழுக்கத் தாள்கள். மடித்தவை ஒரு பக்கம், மடிக்காதவை ஒரு பக்கம். மடித்த அடுக்குகளின் ஓரம் கத்தி வைத்து வெட்டினாற்போல் ஒரே நேர். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் போய் வாசித்தாள். ஒருமுறை வாசித்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

"இந்தத் தேதி சரிதானா?"

"சரிதான்க்கா."

"அந்த வருஷம் அவர் இருந்தாரே."

"இருந்தார்."

"அந்த வருஷம்தான் முதல் தடவை ரத்தமா துப்பினார்." தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விரல்கள் தன்னால் அதை மடிக்கப் போயின. நிறுத்திக்கொண்டாள். பிறகு திருப்பினாள். "இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

அவள் நிமிரவில்லை. "படிச்சியா?"

"இல்லைக்கா. கட்டிக் குடுத்தாங்க. கொண்டுபோய் வெச்சேன்."

"படிச்சிருந்தா?"

எளிதாகச் சொல்லிவிடக்கூடிய பதில் ஒன்று இருந்தது. அது நாக்கு நுனி வரை வந்தது.

"இங்கே ஓடி வந்திருப்பேன்னு சொல்ல மாட்டேன். உன் வாசலுக்கு வர எனக்குத் தைரியம் இருந்திருக்காது. அத்தான்கிட்ட சொல்லியிருப்பேன். பிரஸ் வாசல்ல நாங்க… அப்பப்போ…"

"தெரியும்" என்றாள் அக்கா. "உன்கூட டீ குடிச்சிட்டு வர்ற அன்னிக்கு அவர் நிறையப் பேசுவார். நான் கேட்டதில்லை. அவர் சொன்னதில்லை. ஆனா தெரியும்."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். ஐம்பத்தொன்பது வயது ஆள், அடுக்கிய தாள்களின் நடுவே நின்றுகொண்டு, தாள் நனைந்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அவள் எழுந்து வந்து தேற்றவில்லை. நனையக்கூடிய தூரத்திலிருந்த ஒரு அடுக்கை மட்டும் இழுத்து நகர்த்தினாள்.

"இதை வெச்சு என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

ஆட்சேபணை கேட்கும் கூட்டம் நகராட்சி மாடியில் நடந்தது. பட்டியலில் இருந்த தெருக்காரர்களெல்லாம் வந்திருந்தார்கள். இவர்கள் தெருவிலிருந்து ஆறு பேர். மூன்று வீடுகள் எப்போதோ கைமாறிவிட்டன. அதிகாரி பொறுமையான மனிதர்தான். விலை பற்றி மட்டும் பேசும்படி கேட்டுக்கொண்டார். அக்கா எழுந்து தாளைக் கொடுத்தாள். அவர் வாசித்தார், முகம் மாறியது. "இது எப்படி உங்க கைக்கு வந்தது?" என்றார்.

கடைசி வரிசையில் இருந்து சங்கிலி எழுந்தார். அன்று அவர் வேலைநாள். காக்கிச் சட்டை போட்டிருந்தார்.

"நான்தான் சார் குடுத்தேன். விண்ணப்பம் போட்டு, ரசீது வாங்கி எடுத்தது."

"நீங்க நம்ம ஸ்டாஃப் இல்லையா? எந்தப் பக்கம் நிக்கறீங்க?"

"ரெண்டு பக்கமும் பிடிச்சாத்தான் சார் அளவு சரியா வரும்." அறையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அந்தக் கல்லை நட்டவன் நான். அந்த ஆர்டரைக் கட்டோட கொண்டுபோய் ரெக்கார்டு ரூம்ல போட்டவனும் நான். பின்னால பாருங்க, என் கையெழுத்து இருக்கு. இவங்களைக் கேக்கச் சொல்லி எழுதியிருக்கு சார். யாரும் கேக்கலை. இருபத்தேழு வருஷம் தாமதமாயிட்டுது. இப்பவாவது கேளுங்க. விக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

சர்வேயரம்மாவும் எழுந்தாள். அசல் பார்த்ததாகவும், அளவு ஒத்துப்போவதாகவும், அந்தத் தாள் முடிவு செய்யப்படாமல் தான் விற்பனை வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது என்றும் சொன்னாள்.

விஷயம் எட்டு மாதம் இழுத்தது. சட்டப் பிரிவு, கமிட்டி, மறுபடி சட்டப் பிரிவு. கடைசியில் வந்த முடிவு முழு நியாயம் இல்லை. நிலத்தை இழந்து, இன்றும் அங்கேயே குடியிருக்கிற குடும்பங்களுக்கு அன்று கொடுத்த நஷ்டஈட்டுத் தொகைக்கே திருப்பித் தருவது. கைமாறிய வீடுகளின் முன்னால் உள்ளதை ஏலத்தில் விடுவது. அப்படி ஏலத்தில் போன ஒன்றில், முகம் தெரியாத யாரோ குறுகலான ஒரு கடை கட்டினார்கள். பின்னாலிருக்கிற வீட்டுக்கு அதோடு வெளிச்சம் போயிற்று. அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் இந்தச் சண்டைக்கே சம்பந்தமில்லாதவர்கள். சங்கிலிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அவருக்கும் ஒன்று வந்தது. உள்விவகாரத்தைப் பொதுக்கூட்டத்தில் பேசியதற்காக ஒரு குறிப்பாணை. ஓய்வு பெற்ற அன்று வழியனுப்பு விழா எதுவும் வைக்கவில்லை. சர்வேயரம்மாவும் பதிவறைக் காப்பாளரும் மட்டும் கீழ்க் கேட் வரை வந்தார்கள். "உங்க டேப்பை யாருக்கும் குடுக்கமாட்டேன் அண்ணே" என்றாள் அவள். "குடுத்திடும்மா, வேலை நடக்கணுமில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதற்கு அடுத்த மாதம் பத்திரப் பதிவு. வேறு ஊரிலிருந்து அக்காவின் மகள் வந்திருந்தாள். "எதுக்கும்மா இத்தனை பாடு, எல்லாத்தையும் வித்துட்டு என்கூட வந்துடு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அக்கா காது கொடுக்கவில்லை. பதிவு அலுவலகத்தில் கூட்டம். நாற்காலி கிடைத்த இடத்தில் அக்காவை உட்காரவைத்துவிட்டு, சங்கிலி தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. இடம் சரியான அளவில் எழுதப்படுகிறதா என்று பார்க்க வந்ததாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுத்தர் கேட்டார்: "சாட்சி ரெண்டு பேர் வேணும். ஒண்ணு உங்க பொண்ணு. இன்னொருத்தர்?"

அக்கா திரும்பிக் கூட்டத்தில் தேடினாள்.

"அதோ, அந்தத் தூண்கிட்ட நிக்கிறவர்."

"என்ன உறவு?"

"தம்பி" என்றாள். எழுத்தருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. "என் கூடப் பிறந்த தம்பி" என்று இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

அவர் வந்து கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன்னால் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், எழுத்தர் பேனாவால் மேசையைத் தட்டினார். அவர் அவசரப்படவில்லை. ஒரு இடத்தில் கிழக்கும் மேற்கும் மாறியிருந்தது. அதைத் திருத்த வைத்தார்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே."

"நினைக்கலைக்கா."

"அவர் இருந்திருந்தா வேற. எனக்கு அது வராது. வயசாயிடுச்சு, இனிமே மாறமாட்டேன்." மகள் வண்டி பிடிக்கப் போயிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "ஞாயித்துக்கிழமை வா. முன்னாடி ஒரு அறை போடணும். எனக்கு மாடமெல்லாம் வேணாம், பெரிய ஜன்னல் ஒண்ணு இருந்தாப் போதும். கொத்தனார் என்னை ஏமாத்திடுவான். நீ வந்து நில்லு."

அவர் ஞாயிற்றுக்கிழமை போனார். அடுத்த ஞாயிறும் போனார். சுவர் எழும்பிய நாலு மாதமும் கொத்தனாருக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்று இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினார். அறை முடிந்து அவள் அங்கே படுக்கத் தொடங்கிய பிறகும் போவதை விடவில்லை. தாள் மடிக்கிற வேலை இன்னும் வந்துகொண்டிருந்தது. அவருக்கும் ஒரு அடுக்கை நகர்த்தி வைப்பாள். அவர் மடிப்பது அவளுக்குப் பிடிக்காது. "மடிப்பு மேல எலும்புக் கத்தியை அழுத்தி இழு, பயந்து பயந்து இழுக்காதே" என்பாள். பைண்டரைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. சில நாள் மத்தியானம் வரை ஒரு வார்த்தையும் இல்லாமலே போய்விடும். வெளியே தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பேரின் முதிய கைகளும் தாளைத் திருப்பி, மடித்து, அழுத்தி, அடுத்ததை எடுத்துக்கொண்டிருக்கும்.